மலைபடுகடாம் காட்டும் மலைவழி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று வட்டத்தார் கேட்டவுடன் பத்துப்பாட்டின் பத்தாவது பாட்டே என் நினைவில் எழுந்தது. எண்ணின் ஒப்புமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அப்பாட்டு நடந்து செல்லும் நிலம் நம் நிலம் என்பது. சவ்வாது மலையும், அதன் கிழக்கே தனித்து உயர்ந்து நிற்கும் பர்வத மலையும், செங்கத்தைத் தொட்டு ஓடிவரும் செய்யாறும் மலைபடுகடாத்தின் களங்கள். பாட்டில் நவிரம் என்று பெயர் பெறும் மலையையே இன்று பர்வத மலை என்கிறோம் என்பர் அறிஞர். சேயாறு செய்யாறாயிற்று, செங்கண்மா செங்கமாயிற்று. பெயர்கள் தேய்ந்தனவே அன்றி மறையவில்லை.

அப்பாட்டை ஒரு வழிகாட்டியின் பேச்சாகக் கொண்டு படித்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் செய்தி. மலைக்கும் கோட்டைக்கும் ஒருவரை அழைத்துச் செல்வோன் எவற்றைச் சொல்ல வேண்டும், எவற்றைச் சொல்லாது விட்டால் அவன் வழிகாட்டி ஆகமாட்டான் என்பதை அப்புலவர் நன்கறிந்திருந்தார். நாம் அதனை மறந்து வருகிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

ஆற்றுப்படையும் வழிகாட்டியும்

ஆறு என்பது வழி. படுத்துதல் என்பது செலுத்துதல். வள்ளல் ஒருவனிடம் சென்று பரிசில் பெற்று மீண்ட கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்குச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதே இத்துறைக்கு நம் முன்னோர் தந்த மதிப்பைக் காட்டும்.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவில் இருந்த நன்னன் சேய் நன்னனைப் பாடியது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்டது. கூத்தனை ஆற்றுப்படுத்துவதால் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை 1889-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய பின் இப்பாட்டு நம் கைக்கு எளிதில் கிட்டியது.

இப்பாட்டின் அமைப்பில் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. பாடப்படுவோன் நன்னன், சென்று சேர வேண்டிய இடம் அவன் கோட்டையும் ஊரும். ஆயினும் பாட்டின் பெரும்பகுதியை வழியே எடுத்துக்கொள்கிறது. மலைச்சாரல், தினைப்புனம், அருவி, குறிஞ்சி நிலத்துச் சிற்றூர், முல்லை நிலத்துக் கோவலர் குடில், ஆற்றங்கரை என வழி நீண்டு சென்ற பின்னரே நன்னனின் மதிலும், ஆறு போன்ற அகன்ற தெருவும், மலை போன்ற மாடங்களும் நம் கண்முன் வருகின்றன. இன்று நன்னன் கோட்டை இதுதான் என்று உறுதியாகச் சுட்டத்தக்க மதிலொன்று நமக்கு இல்லை. சேரிடம் மறைந்தது, வழி நிலைத்தது. பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒரு நாள் பயணம்

அண்மையில் ஒரு தை மாதத்தில் என் பழைய மாணவி ஒருத்தி, அயல்நாட்டில் வாழ்பவள், தன் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் வந்திருந்தாள். ஒரே நாளில் கோட்டையும் மலையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் தனிப் பயணம் ஒன்றை அமர்த்திக்கொண்டு என்னையும் உடன் அழைத்தாள். வண்டி ஒன்று, ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டி ஒருவர்.

காலையில் வேலூர்க் கோட்டை. வழிகாட்டி இளைஞர், நன்றாகப் பேசினார். அகழியைக் காட்டினார், 1806 சூலை 10-ஆம் நாள் விடியும் முன் சிப்பாய்கள் எழுந்த கதையைச் சொன்னார். குழந்தைகள் வாய் திறந்து கேட்டனர். அடுத்துப் படைவீடு. பின்னர் போளூர் வழியாக மலையேறி சமுனாமரத்தூர், பீமன் அருவி, மாலையில் பரமனந்தல் வழியே செங்கத்துக்கு இறக்கம். நகரத்திலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு சென்ற உணவை வண்டியிலேயே உண்டோம். மலையில் நாங்கள் கழித்த பொழுதின் பெரும்பகுதி கண்ணாடிச் சன்னலின் உட்புறத்திலேயே கழிந்தது.

அருவிக்கு அப்பால் ஓர் ஒற்றையடிப் பாதை சென்றது. குழந்தைகள் அதில் நடக்க ஆசைப்பட்டனர். வழிகாட்டி இளைஞருக்கு அப்பாதை பழக்கமில்லை. அங்கே விறகு சேர்த்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் தாமே முன்வந்து எங்களை அழைத்துச் சென்றார். சிறிது தூரம் சென்றதும் உயர்ந்த பாறையின் மடிப்பில் தேனடைகள் தொங்குவதைப் பெரிய குழந்தை கண்டு, அண்ணாந்தபடியே நடக்கலாயிற்று. அம்மையார் அதன் தோளைப் பிடித்து நிறுத்தி, “கீழ பாத்து நட கண்ணு. மேல பாக்கணும்னா நின்னு பாரு” என்றார்.

என் மாணவி திரும்பி என்னைப் பார்த்தாள். வகுப்பில் மலைபடுகடாம் படித்தவள் அல்லவா! பாட்டின் கூத்தனும் தேனடையைக் குறித்தே இவ்வாறு எச்சரிக்கிறான். சூர் உறையும் மலைப்பக்கத்தில் தேனடைகளைக் கண்டாலும் சட்டென்று அண்ணாந்து பார்த்துவிடாதீர்கள், வரிசையாகச் செல்லும் உங்கள் மெல்லிய அடிகள் வழி மாறிவிடும் என்பது அவன் கூற்று. மலையில் நடந்து பழகியவர்க்கே இச்சொல் வரும். அந்த அம்மையார் மலைபடுகடாம் படித்தவர் அல்லர். மலைபடுகடாம் எங்கே படித்ததோ, அங்கே படித்தவர் அவர்.

பாட்டின் வழிகாட்டி சொல்வன

அக்கூத்தன் வேறு என்னென்ன சொல்கிறான் என்று தொகுத்துப் பார்ப்போம். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உள்ளன என்கிறான். பாம்பு உறையும் குழிகள் உண்டு; விறலியர் கைதொழுது வாழ்த்த, சற்றே விலகி, அவ்விடம் வலப்பக்கமாக அமையக் கடந்து செல்லுங்கள் என்கிறான். புனம் காப்போர் யானையை ஓட்டக் கவண் கல் எறிவர். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்லுங்கள் என்கிறான். இவையெல்லாம் ஒரு வள்ளலின் புகழ்ப்பாட்டில் வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நடப்பவரின் கால் மீது கவலை கொண்ட புகழ்ப்பாட்டு இது.

அடுத்து, உணவு. வழியிலுள்ள குடில்தோறும் என்ன கிடைக்கும் என்று அவன் விரிவாகவே கூறுகிறான். தேன், தினைச்சோறு, மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ் என்று அப்பட்டியல் நீள்கிறது. நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும், உங்கள் சொந்த வீடு போல் உள்ளே செல்லலாம் என்கிறான். வந்தவர் உணவு சுமந்து வர வேண்டியதில்லை. மலை மக்கள் தருவோராகவும் வந்தவர் பெறுவோராகவும் இருக்கின்றனர். எங்கள் பொட்டல உணவை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்த அம்மையார் “சாப்டீங்களா” என்று கேட்டபோது, சாப்பிட்டோம் என்று சொல்வதன்றி எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மூன்றாவது, ஓசை. மலையின்மேல் எழும் பலவகை ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார் புலவர். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை அதன் கடாமாகவும் கண்ட அந்த உவமையே பாட்டுக்குப் பெயராயிற்று. அவ்வோசைகளுள் அருவியின் முழக்கம் உண்டு; விலங்குகளின் குரல் உண்டு. அவற்றோடு மனிதக் குரல்களும் ஒன்றிக் கலந்திருக்கின்றன. புலியால் புண்பட்ட கணவனின் வலி தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டு, வேங்கைப் பூப் பறிக்கும் பெண்களின் கூவல், மால்பு என்னும் கண்ணேணி வழியே ஏறித் தேன் கொள்வோரின் ஆரவாரம், பகைவரின் அரணை அழித்து வந்த கானவரின் களிப்பு என யாவும் அங்கே கேட்கின்றன. ஆளில்லாத மலையழகு என ஒன்று இப்பாட்டில் இல்லை. மலை என்றாலே அங்கு உழைப்போரும் நோவோரும் பாடுவோரும் சேர்ந்த மலைதான்.

இன்று மலைக்காட்சி என்ற சொல்லில் இம்மக்கள் விடுபட்டுப் போகின்றனர். காஞ்சியிலிருந்து வந்தோம் என்று வழிவழியாகச் சொல்லிவரும் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைக்கும் சரிவு, நம் புகைப்படத்தில் பச்சை நிறமாக மட்டும் பதிகிறது.

படைவீடும் இன்னொரு வழியும்

சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள படைவீடு, சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் படையெடுத்து வந்து இதனைக் கைக்கொண்டான். அப்படையெடுப்பைக் கம்பணனின் தேவியான கங்கதேவி ‘மதுரா விசயம்’ என்னும் வடமொழிக் காப்பியமாக எழுதினார். ஒரு பெண்பாற் புலவர் நம் மலைப்பக்கத்தைப் பாடியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. முள்வாயிலிருந்து பாலாற்றங்கரை விரிஞ்சிபுரம், அங்கிருந்து இராசகம்பீரன் மலைக்கோட்டை என்று அவர் காப்பியத்திலும் ஒரு வழி இருக்கிறது.

இரு புலவர்களையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஒரு வேறுபாடு தெளிவாகும். கங்கதேவியின் வழியில் செல்வது படை. படைக்கு மலை என்பது ஏறி வெல்லத்தக்க தடை. கோட்டை என்பது பிடிக்கத்தக்க பொருள். பெருங்கௌசிகனாரின் வழியில் செல்வது பசித்த கூத்தரின் சுற்றம். அதற்கு மலை என்பது வேண்டி நின்று கடக்கும் இடம். கோட்டை என்பது வரவேற்கப்படும் வாயில். இரண்டும் இலக்கியமே. ஆனால் இன்று நாம் கோட்டைகளைக் காணச் செல்லும்போது எந்தப் புலவரின் வழியில் செல்கிறோம்? எந்த அரசன், எந்த ஆண்டு, யார் வென்றார் என்று கேட்டு அறிவதோடு நின்றுவிட்டால் நாம் படையின் பின்னே சென்றவர்கள் ஆவோம்.

பெயர்களைச் சொல்லுதல்

கூத்தன் சொல்லும் வழியில் நடுகற்கள் வருகின்றன. புறங்காட்டாது இறந்த மறவரின் பெயரோடு நட்ட கற்கள் கவர்த்த வழிகளில் மிகப் பலவாக நிற்கும். அவர்கள் மகிழுமாறு பாடி யாழிசைத்து விரைந்து செல்லுங்கள் என்பது அவன் அறிவுரை. இது வெறும் கற்பனை அன்று என்பதை நம் மண்ணே மெய்ப்பித்தது. செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட கற்களை இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாக்கியது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனருகே காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரையும் விடாது எழுதிய நிலம் இது.

மலைமேல் உள்ள கற்பதுக்கைகளை மக்கள் வாலியர் வீடுகள் என்கின்றனர். முற்காலத்தில் வாழ்ந்த குள்ள மனிதர் கட்டியவை என்பது அவர்களின் நம்பிக்கை. தம் பெயரை எழுதி வைக்காத அப்பழங்காலத்தவர்க்குப் பின்வந்தோர் ஒரு பெயரைக் கொடுத்து நினைவில் வைத்திருக்கின்றனர்.

இந்த மரபின் முன்னே நின்று ஒன்றைக் கூற வேண்டியவளாயிருக்கிறேன். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, தமிழ்நாட்டவர் இருபது பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. அதனை மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. இறந்தோருள் சவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். கூலிக்காக மலையிறங்கிச் சென்றவர்கள் அவர்கள். அவர்களையும் யாரோ ஒரு வழிகாட்டிதான் அழைத்துச் சென்றிருக்கிறார். இவ்வளவு கூலி கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். வழியின் இடரைச் சொல்லியிருக்கமாட்டார். பரிசிலை மட்டும் கூறி இடரை மறைக்கும் சொல்லை நான் ஆற்றுப்படை என்று ஒப்பமாட்டேன். நாங்கள் சென்ற அந்நாளில் சமுனாமரத்தூரில் வண்டி நின்றது. பீமன் அருவியின் பெயர்க்காரணம் சொல்லப்பட்டது. இந்த இருபது பேரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அவ்விளைஞரை நான் குறை கூறவில்லை. சொல்லத்தக்கவை இவை என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டியவர்கள் நாம்.

யார் வழிகாட்டி?

மலைபடுகடாத்தில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி ஒன்றுண்டு. வழி தவறிவிட்டால் என்ன செய்வது என்று கூத்தன் சொல்கிறான். அகன்ற பாறையின்மேல் கூடி உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள். அவ்வொலி கேட்டுப் புனங்காவலர் வருவர். உண்ணத்தகும் பழங்களையும் சூடத்தகும் பூக்களையும் காட்டுவர். இடர் மிகுந்த வழியில் அவர்களே உங்கள் முன்னே நடப்பர். உங்கள் நெஞ்சின் அவலம் அகலும் என்கிறான். தன் சொல்லின் எல்லை எது என்று அறிந்த வழிகாட்டி அவன். ஓர் இடத்திற்கு மேல் தன் வேலையை மலை மக்களிடமே ஒப்படைத்துவிடுகிறான். இசை கேட்டு அவர்கள் வருகின்றனர் என்பதையும் கவிஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறான். இந்நிலத்திற்கு நீங்கள் புதியவர்கள். வழி கவர்க்கும் இடத்தில் தரையைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். முன்னே சென்றோர்க்கு அந்த முடிச்சால் பயனில்லை; பின்னே வருவோர்க்கே அது உதவும். முன்பின் அறியாத ஒருவருக்காகக் குனிந்து புல்லை முடியச் சொல்லும் இந்த இடத்தில் ஆற்றுப்படை இலக்கணம் முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆகவே வட்டத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பதினோராம் ஆண்டில் மலைபடுகடாத்தை அரங்கத்துக்குள் படிப்பதோடு அமையாமல், செங்கத்திலிருந்து செய்யாற்றங்கரை வழியாகப் பர்வத மலையடி வரை நடந்து படிப்போம். மலையிலிருந்து கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவ மாணவியரை நம் முன்னே நடக்கச் செய்வோம். பாட்டின் உரையை நாம் சொல்வோம். பூவின் பெயரையும் கிழங்கின் பெயரையும் பாறையின் பெயரையும் அவர்கள் சொல்லட்டும். அப்பெயர்களை எழுதிக்கொள்வோம். நாளை மலைக்கும் கோட்டைக்கும் விருந்தினரை அழைத்துச் செல்லும் தொழில் அவர்களுடையதாக வேண்டும். அதற்குரிய நூலறிவை அளிக்கும் கடமை நம்முடையது.

இரண்டாவது, கவிஞர்களுக்கு. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் மலையைப் பற்றிய கவிதைகள் பல கேட்டிருக்கிறேன், பலவற்றைச் சுவைத்திருக்கிறேன். அவற்றுள் முகில் உண்டு, நிலவு உண்டு, அருவி உண்டு. வழுக்கும் பாறை எது என்று சொல்லும் கவிதை அரிது. சாமை அறுக்கும் கையும், கூலிக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் வாசலும் வரும் கவிதை அதனினும் அரிது. பின்னால் வருவோர் கால் வைக்கப் பயன்படும் ஓர் அடியேனும் நம் ஒவ்வொரு கவிதையிலும் இருக்குமாயின் பெருங்கௌசிகனாரின் நிலத்தில் பிறந்ததற்கு நாம் உரியவர்களாவோம்.

பல நாள் தங்கினாலும் முதல் நாள் போன்ற விருப்போடு நன்னன் விருந்தோம்புவான் என்கிறது பாட்டு. பத்தாண்டு கழிந்தும் முதல் கூட்டத்தின் விருப்போடு என்னை அழைத்திருக்கிறீர்கள்.